பொறுங்க அக்காவின் மேகப் பெட்டி

என் அக்காவுக்கு அறிவியல் காட்சியகத்தில் 'பொறுங்க அக்கா' என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் முதலில் அந்தச் சொல்தான் வரும். வீட்டிலும் அதே கதை. மாமா பசிக்கிறது என்றால் "பொறுங்க", நான் சண்டைக்குப் போனால் "பொறுடி". எனக்கோ பொறுமை எட்டிக்காயாகக் கசக்கும். அதே காட்சியகத்தில் டிக்கெட் கிழிக்கிறேன். வரிசை நகராவிட்டால் எனக்கே எரிச்சல் வரும்.

அக்காவின் பொறுப்பில் இருப்பது மேகப் பெட்டி. கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் டிரை ஐஸ் என்கிற உலர்பனியை வைத்து, உள்ளே ஆல்கஹால் ஆவியைக் குளிரவிடுவாள். வானத்திலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் அதில் வெள்ளைக் கோடு இழுத்துவிட்டுப் போகும். எலக்ட்ரானுக்கு ஓர் எதிர்த்துகள் உண்டு என்பதையே இப்படியொரு பெட்டியில் விழுந்த கோட்டை வைத்துத்தான் கண்டுபிடித்தார்களாம். இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் குரல் துள்ளும்.

புதிதாக வந்த மேனேஜருக்குப் பெட்டி பிடிக்கவில்லை. பெரிய டிவியில் அதே கோடுகளை ஓடவிட்டால் யாரும் காத்துக்கிடக்க வேண்டாமே என்றார். பெட்டி போனால் அக்காவும் என் பக்கத்தில் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்க வேண்டியதுதான். அவளுக்குச் சோறே இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை மேனேஜர் நேரில் பார்த்து முடிவு சொல்வதாக இருந்தது.

பரணிலிருந்து பழைய காஸ் விளக்கின் வலைத்திரியான மேண்டிலை எடுத்து நீட்டினேன். "இதுல கதிரியக்கம் இருக்கு, உள்ளே வெச்சா கோடு கொட்டோ கொட்டுன்னு கொட்டும்னு நீதானே சொன்னே?"

"கொட்டும்டி. ஆனா அது நாம வரவழைச்சது. தானா வர்றதைத்தான் அவர் பார்க்கணும்."

தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமையென்று பார்த்து உலர்பனி தாமதமாக வந்தது. மேனேஜர் வந்து நின்றபோது பெட்டிக்குள் வெறும் இருட்டு.

"பொறுங்க சார்," என்றாள் அக்கா.

அவர் பொறுக்காமல் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து நீளமாக ஒரு கோடு! சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கூச்சல் போட்டோம்.

"எங்கே, எங்கே?"

"போயிடுச்சு சார்."

"சரி, மறுபடி போடுங்க."

"அதை நான் போடல சார். அந்தக் கோடு இனி வராது."

மனிதருக்கு முகம் சுண்டிப்போனது. ஊரே பார்த்ததை அவர் மட்டும் கோட்டை விட்டாரே! போனைப் பைக்குள் போட்டுவிட்டு, மூக்கு கண்ணாடியில் முட்டக் குனிந்தார். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு அவர் மூக்குக்கு நேராக ஒன்று ஓடியது. "ஏய்!" என்று கத்தியே விட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டிவியும் வந்தது. என் டிக்கெட் ஜன்னலுக்கு மேலே மாட்டியிருக்கிறார்கள். நாளெல்லாம் அதில் கட்டண விவரம் ஓடுகிறது.

நேற்று மேனேஜரைத் தேடிப் போனேன். பெட்டியின் முன் குனிந்து நின்றார், எதிரில் அக்கா.

"சார், தலைமை ஆபீஸ்லேருந்து போன்."

அவர் தலையைத் திருப்பவே இல்லை.

"பொறும்மா."