‘பெற்ற’ என்று ஒரு சொல்

மைதா மாவைக் காய்ச்சி, பூச்சி வராமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுக் கிண்டிய பசைக்கு ஒரு வாடை உண்டு. நல்ல வாடை என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்கு அது மூக்கில் ஏறினால் வயது இருபத்து மூன்றாகிவிடும். போன மாதம் கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒருவர் சுவரில் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் எங்கும் பிளெக்ஸ்தானே, பசை வாளியைப் பார்ப்பதே அபூர்வம் என்று பக்கத்தில் போய் நின்றேன். வீட்டிலிருந்தே பட்டம் பெறலாம் என்று ஏதோ ஒரு தொலைதூரக் கல்வி மையத்தின் விளம்பரம். அடியில், பசையில் பாதி நனைந்து, ‘அங்கீகாரம் பெற்றது’ என்று இருந்தது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

“அண்ணாச்சி, சட்டையில ஒட்டிக்கிடும். கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க. என்ன, பேரப்பிள்ளைகளச் சேக்கவா?”

“இல்ல, சும்மா பாத்தேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சும்மா இல்லை. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

வேலை என்று நான் முதன்முதலில் போய் உட்கார்ந்த இடம் கோவில்பட்டியிலேயே எட்டயபுரம் சாலையில் ஒரு தையல் கடையின் மாடி. ஒரு சிறிய பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விக்கான படிப்பு மையம் அது. பல்கலைக்கழகம் எங்கோ தொலைவில் ஒரு மலை ஊரில் இருந்தது. பாப்டிஸ்ட் சபையார் நடத்தியது. நான் அதைக் கண்ணால் பார்த்ததே இல்லை; விவரக் கையேட்டின் அட்டையில் இருந்த ஓட்டுக் கட்டடமும் இரண்டு பைன் மரங்களும்தான் எனக்குப் பல்கலைக்கழகம். எங்கள் வீட்டில் பலசரக்குக் கடை. கடையில் உட்காரப் பிடிக்காமல், தட்டச்சு தெரியும், ஆங்கிலம் வாசித்தால் புரியும் என்ற இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு அங்கே போய் ஒட்டிக்கொண்டேன். வாசலில் ‘அலுவலகப் பொறுப்பாளர்’ என்று ஒரு பலகை. பொறுப்பாளரும் நான்தான், பெருக்குகிறவரும் நான்தான்.

மையத்தை நடத்தியவர் தேவபிச்சை ஐயா. ஊரில் இருந்த சின்ன பாப்டிஸ்ட் சபைக்கு அவர்தான் போதகர். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருப்பார். அவர் சபையில் ஞானஸ்நானம் என்றால் தலையில் தண்ணீர் தெளிப்பது இல்லை, ஆளையே தண்ணீருக்குள் முழுக்கி எடுக்க வேண்டும். நம்ம ஊரில் குடிக்கவே வாரத்துக்கு ஒரு நாள் தண்ணீர். அவர் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டி வைத்துக்கொண்டு, லாரித் தண்ணீருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். ஒரு கோடையில் மூன்று பேர் முழுக்குக்குத் தயாராகி இரண்டு மாதம் காத்திருந்தார்கள். கீழே தையல் கடைக்காரர், “ஐயா, ஒங்க சாமி மழைக்காலம் வரைக்கும் பொறுத்துக்கிடுமா?” என்று கேட்டார். ஐயா கோபப்படவில்லை. “அவரு பொறுப்பாரு. இவிய மூணு பேரும் மனசு மாறாம இருக்கணும்” என்றார். அதிலிருந்து ஊரில் எங்கள் மையத்துக்கு முழுக்குக்காரங்க காலேஜ் என்றே பெயர்.

அந்தப் பல்கலைக்கழகம் போலி இல்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். பாடப் புத்தகங்கள் ஒழுங்காக வந்தன. பரீட்சை கண்டிப்பாக நடந்தது. துண்டுச்சீட்டு வைத்திருந்த ஒரு பையனை ஐயா தன் கையாலேயே வெளியே அனுப்பினார். அதன் மலை ஊர்க் கல்லூரி வகுப்புகளுக்கு அங்கீகாரமும் இருந்தது. தொலைதூரப் படிப்புக்குத்தான் இல்லை. டெல்லிக்கு மனுப் போட்டிருந்தார்கள், பதில் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் நம்ம ஊரில் அரசு வேலைக்குப் போகிறவருக்கு அந்த அவ்வளவுதான் எல்லாமே.

சேர்க்கை தொடங்கும்போது ஐயா சுவரொட்டிக்கு வாசகம் எழுதச் சொன்னார். ஆங்கிலக் கையேட்டைப் பார்த்து, ‘அங்கீகாரத்துக்கு விண்ணப்பித்துள்ள பல்கலைக்கழகம்’ என்று சரியாகத்தான் எழுதினேன். அச்சகத்துக்குக் கொண்டு போனேன். தீப்பெட்டி லேபிள் அடிக்கிற அச்சகம் அது. மை வாடையில் தலை கிறுகிறுக்கும். அங்கே எழுத்துக் கோக்கிறவர் தாளைப் பார்த்துவிட்டு, “வரி ஒடையுது தம்பி. இந்த விண்ணப்பித்துள்ள ரொம்ப நீளம். எழுத்தச் சின்னதாக்கவா, இல்ல சின்ன வார்த்தையா ஏதும் தாரீகளா?” என்றார்.

எழுத்தைச் சின்னதாக்கியிருக்கலாம். எனக்கோ சுவரொட்டி எடுப்பாக இருக்க வேண்டும். நான் எழுதி அச்சேறும் முதல் வாசகம் அது. ‘அங்கீகாரம் பெற்ற’ என்று திருத்திக் கொடுத்தேன். வரி அழகாக உட்கார்ந்தது. விண்ணப்பம் போட்டாயிற்று, அங்கீகாரம் எப்படியும் வந்துவிடும், வருவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னால் என்ன என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டதும் நினைவிருக்கிறது.

ஐயா அதைப் பார்த்த அன்றைக்கு ஊர் ஊராகச் சுவரொட்டி ஒட்டி முடிந்திருந்தது. கையில் கொடுக்கிற நோட்டீசுகள் மட்டும் கட்டோடு மேசையில் இருந்தன.

“தம்பி, விண்ணப்பித்துள்ள எங்க?”

“அச்சகத்துல தப்பா விட்டுட்டாங்க, ஐயா” என்றேன்.

அவர் நோட்டீசுக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ‘பெற்ற’ என்பதை அடித்துவிட்டு மேலே பேனாவால் எழுத ஆரம்பித்தார். இரண்டு நாள் எழுதினார். நான் எதிரே தட்டச்சு செய்வது போல உட்கார்ந்திருந்தேன். “செவத்துல ஒட்டுனத ஒண்ணும் செய்ய முடியாது. அதப் பாத்துட்டு வாரவங்ககிட்ட நீ வாயால சொல்லிரு” என்றார். சொல்லிவிடுகிறேன் என்றேன்.

சிலரிடம் சொன்னேன். கேட்டவர்களில் பாதிப் பேர் படியிறங்கிப் போனார்கள். அது எனக்கு என்னவோ நானே தோற்றுப் போன மாதிரி இருந்தது.

சண்முகக்கனி டீச்சர் நாகலாபுரத்துச் சுவரில் பார்த்துவிட்டு வந்தவர். அங்கே அங்கன்வாடியில் வேலை. அப்போது முப்பது வயது இருக்கும். மழை பெய்திருந்த நாள்; செருப்பில் அப்பியிருந்த கரிசலைப் படியிலேயே குச்சியால் வழித்துவிட்டு, வெறுங்காலோடு ஏறி வந்தார். வீட்டுக்காரர் ஆட்டுக்காரர், அறுவடை முடிந்த காடுகளில் கிடை போட்டுக்கொண்டு மந்தையோடு வாரக்கணக்கில் வெளியூரில் இருப்பார். “பன்னெண்டாப்பு முடிச்ச ஒடன கட்டிக் குடுத்துட்டாவ, சார். ஒரு டிகிரி இருந்தா சூப்பர்வைசர் வேலைக்கு மனுப் போடலாம்னு சொல்லுதாவ” என்றார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவர் நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“சார், இது கவர்மெண்டு வேலைக்குச் செல்லும்லா?”

அந்த ஒரு கேள்விக்கு எனக்கு எத்தனையோ பதில் தெரியும். இன்னும் வரவில்லை, மனுப் போட்டிருக்கிறது, வேறு இடத்தில் சேருங்கள். எல்லாம் வாயில் இருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது முழு உண்மை இல்லை. ஒருவர் வாழ்க்கைக்கு நான் வழி திறந்து விடுகிறேன் என்ற பெருமை எனக்கு வேண்டியிருந்தது.

“செல்லும் டீச்சர்” என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வருடம் படித்தார். அங்கன்வாடியில் மத்தியானச் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் படுக்கப் போட்ட பிறகு, ஒரு கையால் சேட்டைக்காரப் பயலைத் தட்டிக்கொண்டே பாடம் வாசிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு ஒரு தடவைகூடத் தவறியதில்லை. சரித்திரத்தில் நல்ல மார்க் வாங்கினார். பட்டச் சான்றிதழை ஐயா சபையில் வைத்துக் கொடுத்தபோது, கிடையிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரர் கடைசி வரிசையில் துண்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் தெரிகிறது.

ஆறு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை டீச்சர் வந்தார். ஐயா ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். டீச்சர் உட்காரவில்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். தூத்துக்குடி அலுவலகத்திலிருந்து வந்த மெமோ. அங்கீகாரம் இல்லாத சான்றிதழைக் கொடுத்துப் பதவி கேட்டதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

“பிரமோசன் போனாப் போகுது, சார். இருக்க வேலையும் போயிரும்போல இருக்கு. கள்ள சர்ட்டிபிகேட்டு வாங்கிட்டேன்னு ஊருக்குள்ள பேசுதாவ. எங்க வீட்டுலகூட ஒரு மாதிரியாப் பாக்காவ.”

நான் மெமோவையே திரும்ப வாசித்துக்கொண்டிருக்க, டீச்சரே தொடர்ந்தார்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். திங்கக்கிழம அந்த ஆபீசுக்கு ஒரு எட்டு வாங்க. நான் ஒங்ககிட்டக் கேட்டேன், நீங்க செல்லும்னு சொன்னீக. அத மட்டும் அவியகிட்டச் சொன்னாப் போதும்.”

“வாரேன் டீச்சர். பதினோரு மணிக்கு கேட்டுல நில்லுங்க.”

திங்கட்கிழமை காலை நல்ல சட்டை போட்டுக்கொண்டு பாசஞ்சர் ரயில் ஏறினேன். தூத்துக்குடிக்கு மணியாச்சியில் இறங்கி வண்டி மாற வேண்டும். இறங்கினேன். தூத்துக்குடி வண்டி எதிரே தயாராக நின்றது. பத்தடி தூரம்கூட இல்லை. அந்தப் பத்தடியில் எனக்கு என்னென்னவோ தோன்றியது. எழுதிக் கொடு என்பார்கள். போலீசு வரும். அப்பாவுக்குத் தெரிந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது, கடைசிப் பெட்டி போவதையும் பார்த்தேன். மத்தியானம் வரை அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே ஊர் திரும்பினேன். அந்த வாரமே கோயம்புத்தூரில் மாமா சொல்லி வைத்திருந்த நூல் கம்பெனி வேலைக்குப் போய்விட்டேன். ஐயாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. மாடிச் சாவியைத் தையல் கடையில் கொடுத்துவிட்டு ஓடியவன்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊர் திரும்பியும் மூன்று வருடம். நாகலாபுரம் என்ன சீமையிலா இருக்கிறது? போகவில்லை. சுவரொட்டியைப் பார்த்த மறுநாள்தான் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டீச்சர் வீடு என்றால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வாசலில் உளுந்து காயப் போட்டிருந்தார். தலை பாதி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரிய நேரம் பிடித்தது. தெரிந்த பிறகு நாற்காலியை எடுத்து நிழலில் போட்டார்.

“அன்னைக்கு நான் வரல, டீச்சர்.”

“ஆமா. மூணு மணி வரைக்கும் கேட்டுல நின்னேன். பொறவு பூத்துலருந்து ஐயாவுக்குப் போன் போட்டேன். அவிய இருந்த சட்டையோட பஸ் ஏறி வந்துட்டாவ.”

எனக்கு இது தெரியாது. ஐயா அந்த அலுவலகத்தில் அதிகாரி முன்னால் நின்று, ‘இந்தப் பெண் மேல் ஒரு தப்பும் இல்லை, சுவரொட்டியில் தப்பாகப் போட்டது நான், எது செய்வதானாலும் என்னைச் செய்யுங்கள்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். மெமோ ரத்தானது. டீச்சருக்கு வேலை மிஞ்சியது. ஐயா அதோடு நிற்கவில்லை. படித்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் கடிதம் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டு மையத்தை மூடிவிட்டார். நடத்தியவரே தப்பு என்று எழுதிக் கொடுத்ததில் சபை மேலிடத்துக்கு வருத்தம். போதகர் பொறுப்பிலிருந்தும் அவரை விலக்கிவிட்டார்கள். பல்கலைக்கழகமும் கொஞ்ச நாளில் தொலைதூரப் படிப்பையே நிறுத்திவிட்டது.

“நீங்க பொறவு…” என்று இழுத்தேன்.

“வேற யுனிவர்சிட்டில மொதல்லருந்து படிச்சேன். இப்போ ரெண்டு பி.ஏ. இருக்கு, சார். ஒண்ணு செல்லாது, ஒண்ணு செல்லும். அது கைக்கு வரையில சூப்பர்வைசர் வேலைக்கு எனக்கு வயசு தாண்டிட்டு.” சிரித்தார். “அங்கன்வாடியிலயே இருந்து ரிட்டயரும் ஆயாச்சு.”

அந்தச் சிரிப்புக்குப் பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. சொன்னேன். அச்சகத்தை, வரி உடைந்ததை, சின்ன வார்த்தையை, ஐயாவிடம் சொன்ன பொய்யை, மணியாச்சி பெஞ்சை. அவர் உளுந்தைத் துழாவிக்கொண்டே கேட்டார்.

“ஐயா எழுதலன்னு எனக்கு எப்பவோ தெரியும். நோட்டீசுல அடிச்சு எழுதியிருந்தத மையத்த மூடையில நான் பாத்தேன்லா. தப்பா எழுதுன கையி அப்படி ஒக்காந்து திருத்தாது.” உளுந்தில் கிடந்த ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, “எங்கிட்டச் சொல்லி என்ன சார் ஆகப் போகுது. அவிய இருக்கையில வந்திருக்கலாம்லா” என்றார்.

ஐயா கடைசிக் காலத்தில் மகள் ஊரில் இருந்தாராம். எந்த ஊர் என்று டீச்சருக்கும் சரியாகத் தெரியவில்லை. சேதி இவருக்கு வரும்போது அடக்கம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

காப்பி கொடுத்தார், குடித்தேன். திரும்பி வரும் பேருந்தில் போனை எடுத்து ஐயாவின் பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தப் பெயரில் ஒரு வக்கீல் வந்தார். ஒரு மீன் வியாபாரி வந்தார். கல்யாணப் படத்தில் மாலையோடு ஒரு இளைஞன் வந்தான். இன்னும் யார் யாரோ வந்துகொண்டே இருந்தார்கள். விளாத்திகுளம் தாண்டும் வரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட ஒருவர் அதில் எங்கேயும் இல்லை.