கரையாத திருகாணி

மலேசியத் தொழிற்சாலை ஊழியர் பக்கிரிசாமி, பதினோரு தைப்பூசங்களில் முதுகு நிறைய அலகு குத்திக் காவடியோடு தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியவர். 1996இல் பந்து விளையாடும்போது முழங்கால் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சையில் வைக்கும் புதுத் தசைநாரை எலும்போடு பிடித்துவைக்கத் திருகாணி வேண்டும். உடம்பில் இரும்பு தங்கினால் விரதம் சுத்தமாகாது என்றார் பக்கிரிசாமி. அலகு அன்றைக்கே வெளியே வந்துவிடுகிறது, அதனால் அது சேர்த்தியில்லையாம். இரண்டு ஆண்டில் கரைந்துவிடும் திருகாணியை வைத்தார்கள்.

பதினெட்டாம் மாதம், தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முட்டிக்குக் கீழே எலுமிச்சை அளவு வீங்கியது. கரைவதன் அறிகுறி என்று திருநீறு பூசிக்கொண்டார். தோல் சிவந்ததும் அக்கா சந்திரிகா டாக்டரிடம் இழுத்துப்போனாள்.

"பாதிகூடக் கரையல. உடம்பு ஒத்துக்கல. உடனே எடுக்கணும்."

"காவடி முடிச்சிட்டு வரேன் லா, டாக்டர்."

"முருகன் காத்திருப்பாருடா தம்பி. உன் கால் காத்திருக்காது," என்றாள் அக்கா.

எடுத்தார்கள். அந்தத் தைப்பூசத்தில் சந்திரிகா பால்குடம் தூக்கி மலை ஏறினாள். பக்கிரிசாமி அடிவாரத் தண்ணீர்ப்பந்தலில் காலை நீட்டி உட்கார்ந்து மோர் ஊற்றினார். காவடி எங்கே என்று கேட்டவர்களிடம் முழங்காலில் சுற்றியிருந்த கட்டுத்துணியைக் காட்டி, "அடுத்த வருஷம் லா," என்றார்.