டியூட்டி நேரத்தில் வந்த போன்

அந்தமானின் மாயாபந்தரில் பல வருடம் சொந்தமாக, டிங்கி என்னும் சிறு மீன்பிடிப் படகுகளின் இன்ஜின் ரிப்பேர் பார்த்தேன். நடுக்கடலில் இன்ஜின் நின்றால் எனக்குத்தான் போன் வரும். நான் சொல்லச் சொல்ல மீனவர்களே சரிசெய்து கரை சேர்வார்கள்.

மகளின் படிப்புக்காகப் போர்ட் பிளேர் வந்து, ஹேடோவில் ஒரு ஒர்க் ஷாப்பில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். டியூட்டி முடியும்வரை போனை வாசல் கேட்டில் கொடுத்து வைக்க வேண்டும். பிடிக்காவிட்டால் திரும்பிவிடலாம் என்று, வேலையில் சேர்ந்ததை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு மாலை போனை வாங்கினால், மீன்பிடிக்கும் செல்வம் அண்ணனின் மிஸ்டு கால்கள் வரிசையாக இருந்தன. பதறிப்போய்க் கூப்பிட்டேன்.

"இன்ஜின் பந்த் ஆயிடுச்சு தம்பி. டிங்கி பாறைப் பக்கம் போகுது. நீ எடுப்பேன்னு உனக்கே அடிச்சேன், வேற யாரையும் கூப்பிடல. சார்ஜும் போயிடுச்சு. நல்லவேளை, அந்தப் பக்கம் டிங்கில வந்த ஒரு பெங்காலி அண்ணன் பார்த்து, கட்டி இழுத்துட்டு வந்தாரு. நீ பிஸியா இருந்தியா?"

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றே தெரிந்தவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு, வேலையில் சேர்ந்ததைச் சொல்லி, மாயாபந்தரிலேயே இருக்கும் இன்னொரு மெக்கானிக்கின் நம்பரைக் கொடுத்தேன். இப்போதும் மாலையில் கேட்டில் போனை வாங்கியதும் மிஸ்டு கால் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். ஒன்றுகூட இருப்பதில்லை.