சண்டைக்காரர்களைத் தேடிய அமலோற்பவம்

விழுப்புரத்தில் கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. மரக்காணம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன்கார அஞ்சலை அக்கா. அவர் எப்போது கூப்பிட்டாலும் "நல்லாக்கீறியா" என்று கேட்கும் முன்பே ஏதாவது ஒரு திட்டு வந்துவிழும். அன்றைக்கும் குரலில் அதே சூடுதான் இருந்தது.

"தம்பி, யாரக் கேட்டு எடுத்துக்கினு போனான் அவன்? அப்பிடி இன்னா அவசரம் அவனுக்கு?"

யாரோ அவருடைய மீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று நினைத்தேன். "யாருக்கா? எதை எடுத்துக்கினு போனான்?" என்று கேட்டேன்.

"நம்ம பொண்ண தம்பி. நம்ம அமலாவ."

பாதி தூக்கிய ஷட்டரை அப்படியே விட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டேன். சில மாதங்களாக அமலாவுக்கு உடம்பு முடியவில்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்தாள். ஆனாலும் அவள் தேறி வந்துவிடுவாள் என்றுதான் நான் நம்பியிருந்தேன். எதிலும் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாதவள், இதில் மட்டும் விட்டுக்கொடுத்துவிடுவாளா என்ன?

வானூர் பக்கத்துக் கோடைப் பயிற்சியில் அவளிடம் திட்டு வாங்கிய மாணவர்கள், திண்டிவனம் பட்டறையில் அவளோடு வேலை பார்த்தவர்கள், அவளிடம் பெட்டி வாங்கிய அக்காமார்கள் எல்லோருக்காகவும் இதை எழுதுகிறேன். மூக்கைச் சிந்திக்கொண்டு எழுதினால் அவளுக்குப் பிடிக்காது. அதனால் அவள் ஜெயித்த கதையை எழுதுகிறேன்.

எங்கள் கல்லூரி நாட்களில் வானூருக்கு அருகே ஒரு வளாகத்தில் சர்வதேசக் கோடைப் பயிற்சி ஒன்று நடந்தது. பல நாட்டு மாணவர்களையும் உள்ளூர் மாணவர்களையும் கலந்து குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு புதுத் தொழிலை யோசித்து, பொருளைச் செய்து, கடைசி நாளில் நடுவர்கள் முன்னால் மேடையேற வேண்டும். முதலாவதாக வரும் குழுவுக்கு ஒரு பட்டறையும், ஒரு வருடம் தொழில் நடத்த உதவியும் கிடைக்கும். அக்கினி வெயிலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் எல்லாம் மிளகாய்ப் பழம்போல் சிவந்து திரிந்தார்கள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைகிற ஊருக்கு வந்து மல்லாட்டையை அரைத்து வெண்ணெய் செய்து நமக்கே விற்கப் பார்த்தது ஒரு குழு.

எங்கள் குழுவில் மூன்று பேர். மெக்கானிக்கல் படித்த நான், கென்யாவிலிருந்து வந்த வஞ்சிரு, திண்டிவனத்தில் பி.காம். முடித்த அமலோற்பவம். முதல் நாள் எல்லோரும் தங்கள் கனவுகளை நீட்டி முழக்கினார்கள். அமலா எழுந்து, "மை நேம் அமலா. ஐ நோ அக்கவுண்ட்ஸ். ஐ ஆஸ்க் கொஸ்டின்ஸ்" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டு உட்கார்ந்தாள். இவளோடு எப்படிக் காலம் தள்ளப்போகிறோம் என்று எனக்கு மலைப்பாக இருந்தது.

அவளுடைய நிலைமை பிறகுதான் தெரிந்தது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கொல்லைக்காட்டில் கூலி வேலை செய்பவர்கள். சென்னையில் ஒரு ஜவுளிக்கடையில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார்கள். பயிற்சி முடிந்ததும் பெட்டி படுக்கையோடு கிளம்ப வேண்டும், விடுதியில் பத்துப் பேரோடு தங்க வேண்டும். "ஜெயிச்சா இங்கயே இருந்துக்கோ, இல்லாட்டி மறுபேச்சு பேசாம ரயிலேறு" என்று அவள் அம்மா சொல்லியிருந்தார். எங்களுக்கெல்லாம் அது சான்றிதழ் வாங்குகிற பயிற்சி. அமலாவுக்கு அதுதான் வாழ்க்கை.

மரக்காணத்தில் ஒருநாள் பேருந்துக்குக் காத்திருந்தபோது அஞ்சலை அக்காவை நடத்துனர் இறக்கிவிட்டதைப் பார்த்தோம். அன்னக்கூடையிலிருந்து மீன் தண்ணீர் ஒழுகி யாரோ ஒருவரின் புடவையை நனைத்துவிட்டது. திண்டிவனத்தில் தெருத்தெருவாக விற்க வேண்டிய சங்கரா மீனோடு அக்கா சாலையோரத்தில் நின்று வண்டி வண்டியாகத் திட்டினார். ஒழுகாத, நாறாத ஒரு மீன் பெட்டி செய்யலாம் என்று அங்கேயே முடிவு செய்தோம்.

முதல் பெட்டியை வடிவமைத்தது நான். விமான நிலையத்துக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவு அழகு. இழுக்கக் கைப்பிடி, உருட்டச் சக்கரம், மேலே நீல வண்ணம். குப்பத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். சில நாள் கழித்துப் போய்க் கேட்டால் எல்லா அக்காமார்களும் ஒரே குரலில் "நல்லாக்கீது கண்ணு" என்றார்கள். வஞ்சிரு அத்தனையையும் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டாள். அவளை அவர்கள் "வஞ்சிரம்" என்றே கூப்பிட்டார்கள். மீன்காரிகளிடம் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அமலா மட்டும் டீயைக் குடித்துவிட்டு, "சரிக்கா, பொட்டிய எடுத்துக்கினு போறோம்" என்றாள்.

அஞ்சலை அக்கா உடனே உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தார். சோப்புப் போட்டுக் கழுவி, துணியால் துடைத்து, சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைக்கூடத் தட்டிக் கொடுத்தார். கூடவே ஒரு தூக்கில் மீன் குழம்பு வேறு.

திரும்பும் பேருந்தில் அமலா சொன்னாள்: "தோத்துட்டோம் சரவணா."

"எல்லாரும் நல்லாருக்குன்னுதானே சொன்னாங்க?"

"வூட்டுக்கு வந்தவங்க முகத்துக்கு நேரா நல்லா இல்லன்னு யாராச்சும் சொல்வாங்களா? எங்கம்மாவ கேட்டாலும் அதான் சொல்லும். கழுவித் தொடச்சிக் குடுத்தாங்க பாத்தியா? வேணும்னு நெனச்சவங்க அப்பிடிக் குடுப்பாங்களா?"

நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் விடவில்லை. "கடைக்காரர் ஒருத்தர் எங்க வூட்டுல ஒரு ஃபேன வச்சிப் பாருங்கன்னு குடுத்தாரு. நல்லாக்கீதுன்னு சொல்லி, திருப்பிக் கேட்டதும் எங்கம்மா சிரிச்சிக்கினே குடுத்துட்டாங்க. பக்கத்து வூட்டு அக்கா எங்ககிட்ட இருந்த அவங்க இட்லிப் பானையத் திருப்பிக் கேட்டாங்க. அன்னிக்கி நடந்த சண்டையில தெருவே கூடிப்போச்சி. இட்லிப் பானதான் சரவணா எங்கம்மாக்கு வேணும்."

அன்றிலிருந்து அவளுக்கு அது ஒரு விதியாகிவிட்டது: "குடுத்துட்டு நல்லாக்கீதான்னு கேக்காத. எடுத்துக்கினு வா. சண்ட போட்டா ஜெயிச்சோம்." இதை அவள் வாயால் கேட்காத ஆள் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது.

முதல் பெட்டியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவதைச் செய்யத் தொடங்கினோம். மணலில் உருளாத சக்கரம் அதில் இல்லை. அமலா தினமும் விடியற்காலையில் கரைக்குப் போய், மீன் ஏலம் முடிந்ததும் அஞ்சலை அக்காவோடு தானே பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். கனம் தாங்காமல் கழுத்து வலித்தால் என்னைத் திட்டுவாள், நான் கனத்தைக் குறைப்பேன். ஐஸ் தண்ணீரைத் திறந்துவிடப் பக்கவாட்டில் ஒரு குழாய் வந்தது. விற்கும் இடத்தில் உட்கார்ந்துகொள்ளத் தோதாக மூடி கெட்டியானது. நீல வண்ணம் போயே போய்விட்டது. எனக்குத்தான் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

இரண்டாவது பெட்டியோடு பேருந்தில் ஏறிய முதல் நாள் நானும் உடன் இருந்தேன். "மீன் கூடை ஏத்தக் கூடாது, எறங்கு எறங்கு" என்றார் நடத்துனர்.

"மீனு எங்கக்கீது அண்ணே? வாடை வருதா பாருங்க" என்றாள் அமலா.

அவர் குனிந்து மோந்து பார்த்தார். தரையைப் பார்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. "அப்ப இதுல இன்னாதான் கீது?" என்றார்.

"மீனுதான்" என்று அஞ்சலை அக்கா போட்டு உடைத்துவிட்டார். பேருந்தே சிரித்தது. நடத்துனருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. திண்டிவனம் வருவதற்குள் அவர் அந்தப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்து டிக்கெட் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி நாள் நெருங்கியது. புது வகையில் எங்களிடம் இருந்தது அந்த ஒரே பெட்டிதான். மேடையில் காட்ட அது வேண்டும். முந்தைய நாள் மாலை அமலாவும் நானும் வஞ்சிருவும் குப்பத்துக்குப் போனோம். "அக்கா, பொட்டிய எடுத்துக்கினு போறோம்" என்று அமலா அதே பழைய குரலில் சொன்னாள்.

"எங்க எடுத்துக்கினு போற? காலைல நான் இன்னாத்துல மீனு எடுத்துக்கினு போறது? கண்டக்டரு மறுபடி எறக்கி வுடுவான். ஒன் தலையில வச்சி எடுத்துக்கினு போவியா?" அஞ்சலை அக்கா பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். நாளை மத்தியானமே திருப்பித் தந்துவிடுகிறோம் என்று வஞ்சிரு கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் அவர் எழுந்தார். அப்போதும் கழுவித் தரவில்லை. வசைமாரிக்கு நடுவே நாங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அமலாவின் முகத்தைப் பார்த்தேன். இந்த உலகத்தில் யாரும் திட்டு வாங்கிக்கொண்டு அவ்வளவு சந்தோஷமாக ஓடியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் மண்டபம் நிறைந்திருந்தது. அமலாவின் அம்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மல்லாட்டை வெண்ணெய்க் குழு பாட்டுப் பாடி, படம் காட்டி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போனது. எங்கள் முறை வந்தது. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு வாக்கியம் பேசியிருப்பேன். வாசலில் ஒரே சத்தம்.

"எங்க பொட்டி எங்க? மத்தியானம் வரிக்கும் மீனு காத்துக்கினு இருக்குமா?"

அஞ்சலை அக்கா இன்னும் மூன்று பேரோடு மண்டபத்துக்குள் வந்துவிட்டார். காவலாளி பின்னால் ஓடிவந்தார். எனக்குப் பேச வேண்டியது மறந்துபோனது. அமலா மட்டும் நிதானமாக நடந்துபோய், பெட்டியைத் தூக்கி அக்காவின் தலையில் வைத்துவிட்டாள்.

"ஜல்தி போங்கக்கா, பஸ்சு வந்துடும்" என்றாள்.

பெட்டி போய்விட்டது. மேடையில் காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. நடுவர்களில் உயரமான ஒரு டச்சுக்காரர் எழுந்து, என்ன நடந்தது, அந்தப் பெண்மணி ஏன் கோபமாக இருக்கிறார் என்று கேட்டார். அமலா மைக்கை வாங்கினாள். "சார், ஷீ இஸ் அவர் கஸ்டமர். ஷீ நாட் கிவ் த பாக்ஸ். ஷீ ஃபைட். தட்ஸ் ஆல்."

டச்சுக்காரர் முதலில் சிரித்தார், பிறகு கைதட்டினார், பிறகு மண்டபமே எழுந்து நின்றது. முடிவை அறிவித்தபோது வஞ்சிரு என்னைத் தூக்கியே விட்டாள். கடைசி வரிசையில் அமலாவின் அம்மா பக்கத்திலிருந்தவரிடம் "யாரு ஜெயிச்சாங்க, யாரு ஜெயிச்சாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அமலா ஓடிப்போய், "ரயிலு இல்லம்மா" என்றாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அதைவிட நல்ல காட்சி என் வாழ்க்கையில் இன்னும் வரவில்லை.

பிறகு திண்டிவனத்தில் பட்டறை வந்தது. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை கரையோரம் முழுவதும் எங்கள் பெட்டிகள் போயின. விழுப்புரம் கடையை நான் பார்த்துக்கொண்டேன், மற்ற எல்லாவற்றையும் அவள் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு கோடையிலும் பயிற்சிக்குப் போய்ப் புதுக் குழுக்களைப் பேஜார் பண்ணுவாள். "எல்லாரும் லைக் பண்றாங்க மேடம்" என்று ஒரு பெண் சொன்னால், "நல்லது, போய்த் திருப்பி எடுத்துக்கினு வா" என்பாள். முகம் தொங்கித் திரும்பி வருபவர்களுக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வாள். வஞ்சிரு நைரோபியில் இப்போது நடத்தும் தொழிலிலும் அதுதான் விதியாம்.

அடக்கத்தன்று அவள் ஊர் மாதா கோயிலுக்குப் போனேன். வெளிச்சுவரை ஒட்டி எங்கள் மீன் பெட்டிகள் வரிசையாக இருந்தன. வியாபாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு, கரையோரத்து அக்காமார்கள் அத்தனை பேரும் நேராக அங்கே வந்திருந்தார்கள். அமலா இருந்த பெட்டியைத் தூக்கும் நேரத்தில் அஞ்சலை அக்கா முன்னால் போய் நின்றுகொண்டார். "குடுக்க மாட்டேன். யாரக் கேட்டு எடுத்துக்கினு போறீங்க? எங்க பொண்ணு இது" என்று கத்தினார். ஃபாதர் சொல்லியும் கேட்கவில்லை. மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். அமலாவின் அம்மா வந்து கையைப் பிடித்த பிறகுதான் அக்கா வழிவிட்டார்.

முதலில் கைபேசியில் வந்ததும் இதே சண்டைதான் என்று அப்போது எனக்கு உறைத்தது. அங்கே நின்று வாய்விட்டு அழுதேன். அழுதுகொண்டே எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

அவளுடையது என்று நான் வைத்துக்கொள்ளப் போவது அந்த முதல் நீலப் பெட்டி. சோப்புப் போட்டுக் கழுவித் திருப்பித் தரப்பட்ட, யாருக்கும் வேண்டாத பெட்டி. இத்தனை வருடமும் அவள் மேசைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இப்போது விழுப்புரம் கடையில் என் நாற்காலிக்கு அருகே இருக்கிறது. பட்டறைப் பிள்ளைகள் திருப்பிக் கேட்டு வந்தார்கள். தரமுடியாது என்று சண்டை போட்டு அனுப்பிவிட்டேன்.

அடக்கம் முடிந்த மாலை திண்டிவனத்திலிருந்து பேருந்தில் தனியாகத்தான் திரும்பினேன். பக்கத்து இருக்கையில் அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

"குடுக்க மாட்டேன்னு சண்ட போட்டாங்க இல்ல? ஜெயிச்சிட்டோம் சரவணா."