சுத்தமாய் முடித்த சட்டை

நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். ஒற்றை இஸ்திரிப் பெட்டியோடு ஆரம்பித்தேன். இன்று பெரிய பெரிய கம்பெனிச் சட்டைகள் என் கூடத்தில் பிசிறு வெட்டி, மடித்த பிறகுதான் கப்பல் ஏறுகின்றன. சட்டையைத் தொட்டே தரம் சொல்வதில் எனக்குச் சமமாக ஒருத்திதான் உண்டு. என்னிடம் வேலை செய்யும் பிசிறுக்காரி.

தொங்கும் நூலைக் கண்டால் விடமாட்டாள். சோதனைக்கு வந்த அதிகாரியின் கையையே பிடித்து, "ஆடாம நில்லுங்க சார், குத்திடும்" என்று அவர் சட்டையில் தொங்கிய நூலை வெட்டியவள்.

அவள் தங்கை தையல்காரி. ஆறே மாத வேலை என்று சொல்லித் தரகன் ஒருவன் அழைத்துப் போனான். போனவள் போனவள்தான். போனும் இல்லை.

ஒரு நாள் வேலைக்கு வந்த சட்டையைப் புரட்டியவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். கீழ்மடிப்பின் உள்ளே சிவப்பு நூலில் மூன்று முடிச்சு. தான் தைத்தது அடுத்தவர் கணக்கில் போய்விடாமலிருக்கத் தையல்காரர்கள் வைக்கும் அடையாளம் அது. ஆளுக்கு ஒரு விதம்.

"அண்ணே, இது நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்த முடிச்சு. உயிரோட இருக்காண்ணே!"

எங்கே தைத்தது? சட்டையை எங்களுக்கு அனுப்பிய கான்ட்ராக்டர் இன்னொருவனைக் கைகாட்டினான். அவன் வேறொருவனை. கம்பெனிக்காரர்களோ தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்றார்கள். கடைசியில் சட்டை மூட்டை ஏற்றிவரும் லாரி டிரைவர்தான் ஊருக்கு வெளியே பூட்டிக் கிடக்கும் கூடத்தைக் காட்டினார். "இங்க பொம்பளைங்களே கிடையாது" என்று காவலாளி அவளை விரட்டினான். உள்ளே மிஷின் ஓடும் சத்தம் கேட்டதாம்.

அன்றிலிருந்து அவள் ஒரு வக்கீலம்மாவோடு தெருத்தெருவாக அலைந்தாள். சட்டை விற்கிற கம்பெனி கடைசித் தையல் கூடம் வரை பதில் சொல்லியாக வேண்டும் என்று சட்டம் கேட்டுக் கையெழுத்து வாங்கினாள்.

"சட்டம் வந்தா சட்டை விலை ஏறிடுமேக்கா?" என்றான் கையெழுத்துப் போட வந்த ஒரு பையன்.

"ஏறட்டும் தம்பி. இப்ப நீ போட்டிருக்கிறது யார் வயித்துல அடிச்ச தள்ளுபடின்னு நினைக்கிற?"

சட்டத்தை எழுதும் குழு அவளை அழைத்தது. ஆதாரம் இருந்தால் அந்தக் கூடத்தைத் திறக்கவே உத்தரவு போடுவார்களாம். போட்டோ செல்லாது, சட்டையே வேண்டும் என்றார்கள். அந்த முடிச்சு இருந்த மற்றவை கப்பலேறிவிட்டன, கறைபட்டுக் கழித்த ஒன்றுதான் மிச்சம்.

பஸ்ஸில் மடியில் சட்டையை வைத்துக்கொண்டு, பேச வேண்டியதை முணுமுணுத்தபடியே வந்தாள். இடுப்பில் எப்போதும் செருகியிருக்கும் கத்தரிக்கோலோடு கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. பக்கத்தில் இருந்த எனக்கும் அது கண்ணில் படவில்லை. மூச்சு விடுவதை யார் கவனிப்பார்கள்?

"எதும்மா அந்த முடிச்சு?" என்றார் குழுத் தலைவர்.

மடிப்பைப் புரட்டினாள். மறுபடி புரட்டினாள். "இங்கதான் சார்... இங்கதான்..."

அவ்வளவு சுத்தமாகப் பிசிறு வெட்டிய சட்டையை என் தொழிலில் நான் பார்த்ததில்லை.

சேலையில் சிவப்பாக ஏதோ துளி ஒட்டியிருந்தது. அதை எடுத்து நீட்டினாள். கம்பெனி வக்கீல் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால்கூடத் தேவலை. "வெறும் நூல்தானேம்மா" என்றார், மெதுவாக.

நான் எழுந்து கத்தினேன். மைக்கே வேண்டாத குரல் எனக்கு. உட்காரச் சொன்னார்கள்.

உத்தரவு வரவில்லை. கொஞ்ச நாளில் அந்தக் கூடம் காலி. மிஷின்களையும் ஆட்களையும் எங்கே கொண்டுபோனார்கள் என்று லாரி டிரைவருக்கும் தெரியவில்லை. முடிச்சுப் போட்ட சட்டை அப்புறம் வரவே இல்லை.

அடுத்த வருடம் சட்டம் வந்தது. வக்கீலம்மா மூச்சு வாங்க ஓடிவந்தார். "அக்கா, ஜெயிச்சிட்டோம்!"

"அப்ப என் தங்கச்சி எங்கன்னு அந்தக் கம்பெனியைக் கேக்கலாமா?"

வக்கீலம்மாவின் முகம் சுண்டியது. "சட்டத்துக்கு முன்னாடி நடந்ததுக்கு இது பொருந்தாதுக்கா."

"முன்னாடியா? அவளுக்கு இன்னும் நடந்துக்கிட்டுதானே இருக்கு?"