காதுகுத்து நாளின் ஒரு மணி ஐம்பது நிமிடம்

அண்ணனின் லாக் புக் நீளவாக்கில் இருக்கும். கறுப்பு அட்டை. விரித்து வைத்தால் அப்பா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாதியைப் பிடித்துக்கொள்ளும். தேதி, விமானத்தின் எண், புறப்பட்ட இடம், இறங்கிய இடம், கூடவே ஆசிரியர் இருந்தாரா அல்லது தனியாகப் பறந்ததா, எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று கட்டம் கட்டமாகப் போகும். விமானி வேலைக்கு அந்தப் புத்தகம்தான் ஆதாரம். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மத்தியான நேரத்தில் அதை என் முன்னால் வைத்து, "நீ கூட்டிப் பாரு கண்ணு. எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொண்ணு வருது" என்றார் அண்ணன். நான் கணிதத்தில் முதுகலை படித்தவள். கல்யாணமாகிப் பக்கத்து ஊருக்குப் போன பிறகும் அப்பா வீட்டில் எந்தப் படிவம் என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. அவளைத் தூங்கவைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்துகொண்டு உட்கார்ந்தேன். அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு விமான நிறுவனத்தின் விண்ணப்பத்தை அனுப்பியாக வேண்டும்.

அண்ணன் உரிமம் வாங்கி வந்து அதற்குள் ஒன்றரை வருடம் ஓடியிருந்தது. இருநூறு மணி நேரம் பறந்தால் உரிமம், அதில் நூறு மணியாவது தானே பொறுப்பேற்றுப் பறந்திருக்க வேண்டும் என்பது வரைக்கும் எனக்குப் புரிந்திருந்தது. உரிமத்துக்குப் பிறகு வேலை எப்படிக் கிடைக்கும் என்பதுதான் கடைசி வரை புரியவில்லை. ஒரு விளம்பரம் இருநூறு மணி போதும் என்று சொல்லும், ஆனால் அவர்களுடைய பெரிய விமானத்துக்கான தனிப் பயிற்சியை முன்பே முடித்திருக்க வேண்டும் என்று அடுத்த வரியில் இருக்கும். இன்னொன்று அந்தப் பெரிய விமானத்திலேயே ஐந்நூறு மணி கேட்கும். வேறொன்று கடைசி ஆறு மாதத்தில் எத்தனை மணி பறந்தாய் என்று கேட்கும். வேலையில்லாமல், கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே தென்னந்தோப்பில் நிற்கிறவர் எதில் போய்ப் பறப்பார்? நான் ஒவ்வொன்றையும் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கேட்டுக்கொண்டே இருப்பார். "ஓட்டுனாத்தான் வேலை. வேலை இருந்தாத்தான் ஓட்ட முடியும். இது எந்த ஊரு நாயம்டா?" என்பார். அண்ணன் சிரிப்பார். கோயம்புத்தூரில் இறங்கப்போகும் விமானம் எங்கள் தோப்புக்கு மேல் போனால் மட்டும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பார்.

அன்றைக்கு வந்திருந்தது அபூர்வமான விளம்பரம். இருநூறு மணியும் உரிமமும் இருந்தால் போதும், மற்ற பயிற்சியை நாங்களே தருகிறோம் என்றிருந்தது. அண்ணனின் புத்தகத்தில் நான் கூட்டிப் பார்த்ததில் இருநூற்றொரு மணி இருபது நிமிடம் வந்தது. இரண்டாவது முறை கூட்டினேன், அதேதான். மூன்றாவது முறை கூட்டத் தேவையே இல்லை. ஆனால் நான் அப்படிப்பட்டவள். கேஸை மூடினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வந்து பார்ப்பவள். அந்த மூன்றாவது முறையில்தான் ஒரு தேதி கண்ணில் பட்டது. தை மாதத்து வெள்ளிக்கிழமை. தனியாகப் பறந்தது, ஒரு மணி ஐம்பது நிமிடம். மறுநாளும் இரண்டு மணி ஐந்து நிமிடம். அந்த வெள்ளிக்கிழமைதான் என் மகளுக்குக் காது குத்தினோம்.

அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தார். நான் கேட்டேன்.

"ஏனுங்ணா, பாப்பாவுக்குக் காது குத்துன அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"என்ன கேள்வி கண்ணு இது? என்ற மடியிலதான உக்காந்துட்டு அந்தக் கத்து கத்துனா. சட்டையெல்லாம் சளி. புதுச் சட்டை வேற."

"அப்ப அன்னைக்கு வானத்துல பறந்தது யாருங்?"

புத்தகத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அதா?" என்று சிரித்தார். "அது சாந்தன்பாறைக்காரன் ஓட்டுனது. முறை மாத்திக்கிட்டோம்."

சாந்தன்பாறைக்காரர் என்பவர் வடக்கே பயிற்சிப் பள்ளியில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்தவர். இடுக்கி மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பம். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பள்ளியில் விமானங்கள் குறைவு, மாணவர்கள் அதிகம். ஒருவருடைய முறை தப்பினால் அடுத்தது வர மூன்று வாரம்கூட ஆகும். காதுகுத்துக்குத் தேதி குறித்தபோது அண்ணன் அதைத்தான் தொலைபேசியில் சொன்னார். நான் கேட்கவில்லை. "மாமன் மடி இல்லாமக் காது குத்தறதாங்? நீங்க வல்லீன்னா நான் குத்தவே மாட்டேன்" என்று தினமும் அழைத்து அழுதேன். இரண்டு மூன்று நாள் கழித்து வருகிறேன் என்றார். எப்படி முடிந்தது என்று நான் அன்று கேட்டிருக்கலாம். காது குத்தும் ஆசாரியை எந்த நேரத்துக்கு வரச்சொல்வது என்ற யோசனையில் இருந்தேன்.

முறை மாற்றுவது எங்களுக்குப் புதிதில்லை. எங்களுடையது பங்குக் கிணறு. நான்கு பங்காளிகள். ஒவ்வொருவருக்கும் இன்ன கிழமை, இத்தனை மணி நேரம் மோட்டார் போடலாம் என்று தாத்தா காலத்திலேயே பிரித்துவிட்டார்கள். ஒரு வீட்டில் கல்யாணமென்றால் அவர்களுடைய மணிகளைப் பக்கத்துத் தோட்டம் எடுத்துக்கொள்ளும், அடுத்த வாரம் திருப்பிக் கொடுக்கும். யாரும் எழுதி வைப்பதில்லை. யாரும் ஏமாற்றியதுமில்லை. அண்ணன் அந்தக் கிணற்றடியில் வளர்ந்தவர். அவர் ஊருக்கு வந்த இரண்டு நாளும் அவருடைய முறையில் நண்பர் பறந்தார், அண்ணன் பெயரிலேயே எழுதினார். நண்பர் மலைக்குப் போன ஒரு வாரத்தில் அவருடைய முறையில் அண்ணன் பறந்தார், நண்பர் பெயரில் எழுதினார். நிமிடக் கணக்குக்கூட ஏறக்குறைய சரியாக இருந்ததாம். "எத்தன மணி பறந்தனோ அத்தன மணிதான் எழுதியிருக்குது. ஒரு நிமிசம் கூட்டல" என்றார். அப்பாவும் வந்து கேட்டுவிட்டு, "கெணத்துக்குத் தெரியுமா எவன் மோட்டார் போட்டான்னு? நீ அனுப்பு சாமி" என்றார்.

எனக்கும் அது சரியென்றுதான் பட்டது. அப்புறம் சரியில்லை என்றும் பட்டது. அந்த இரண்டு வரிகளைக் கழித்தால் நூற்றுத் தொண்ணூற்றேழு மணி இருபத்தைந்து நிமிடம். அப்படியானால் விண்ணப்பம் மட்டுமல்ல, உரிமமே நிற்காது. ஆனால் அவர் உண்மையில் பறந்தது இருநூறுக்கு மேல்தான், அவற்றில் சில மணிகள் வேறொருவர் புத்தகத்தில் இருக்கின்றன. மணி நேரம் கேட்கிறார்களே, எதற்காகக் கேட்கிறார்கள்? இந்த ஆள் இத்தனை நேரம் வானத்தில் இருந்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ளத்தானே? இருந்திருக்கிறாரே. ஆனால் நாளைக்கு என் மகளை ஏற்றிக்கொண்டு நான் ஒரு விமானத்தில் போகும்போது, அதை ஓட்டுகிறவரின் புத்தகத்தில் அவர் பறக்காத ஒரு நாள் எழுதியிருக்கிறது என்று யாராவது சொன்னால், பரவாயில்லை, இன்னொரு நாள் பறந்திருப்பார் என்று சொல்வேனா? படிவத்தின் கடைசியில் ஒரு சிறு கட்டம் இருந்தது. மேலே உள்ள நேரம் முழுவதும் நானே பறந்தது என்று உறுதி சொல்லி அதில் ஒரு குறி இட வேண்டும்.

"நீங்களே அழுத்துங்ணா" என்று நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டேன்.

அவர் உட்கார்ந்தார். மௌஸைப் பிடித்தார். "நீ சொல்லு கண்ணு. நீதான படிச்சவ."

"எனக்குத் தெரியலீங்ணா."

நாங்கள் இருவரும் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். மகள் எழுந்து அழுதாள், நான் உள்ளே போனேன். திரும்பி வந்தபோது ஆறு தாண்டியிருந்தது. அனுப்பினீர்களா என்று நான் கேட்கவில்லை. திரையைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அதையும் பார்க்காமல் மடிக்கணினியை மூடினேன். நான் என் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, இரவு ஒன்பது மணிக்கு அவரே அழைத்து, "அனுப்பல கண்ணு, உடு" என்றார்.

பத்து நாள் கழித்து, உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு, முறை மாற்றியதைச் சொல்லி அவர் ஒரு கடிதம் எழுதினார். நான் எழுதச் சொல்லவில்லை. எழுத வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆங்கிலம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார், பார்த்தேன். இரண்டு இடத்தில் வினைச்சொல்லின் காலத்தைத் திருத்தினேன். அன்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டிருக்கலாமோ என்று இன்றும் துணி துவைக்கும்போது தோன்றும். துணியைக் காயப்போடும்போது, கிழித்திருந்தால் அவர் முகத்தை எப்படிப் பார்த்திருப்பேன் என்று தோன்றும்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய்விட்டு வந்த அண்ணன் இரண்டு நாள் தோப்பிலேயே இருந்தார். மூன்றாவது நாள் என்னிடம் சொன்னார். "அங்க இருந்த ஆபீசரு சத்தமே போடல கண்ணு. ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. 'அன்னைக்கு அந்த ஃபிளைட்டு உழுந்திருந்தா, செத்தது யாருன்னு எந்த ஊட்டுக்கு நாங்க போன் பண்ணியிருப்போம்?'னாரு." விழுந்திருந்தால், என் மகளை மடியில் வைத்துக்கொண்டு அவர் இங்கே சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் அப்பாவின் கைபேசி அடித்திருக்கும். உங்கள் மகன் போய்விட்டான் என்று சொல்லியிருப்பார்கள். இங்கே உட்கார்ந்திருக்கிறானே என்று நாங்கள் சிரித்திருப்போம். சாந்தன்பாறையில் ஒரு அம்மா ஒன்றும் தெரியாமல் சோறு வடித்துக்கொண்டிருந்திருப்பார். கிணற்றில் இது இல்லை. மோட்டார் போடுகிறவன் யார் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை, ஏனென்றால் அவன் தரையில் நிற்கிறான்.

உங்கள் பெயரில் பறந்தது யார் என்றும் கேட்டார்களாம். அண்ணன் சொல்லவில்லை. உரிமத்தை ஒரு வருடம் நிறுத்தி வைத்தார்கள். அதற்குப் பிறகு குறைகிற மணிகளைப் பறந்து, தேர்வையும் மறுபடி எழுத வேண்டும் என்றார்கள். அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டது. அண்ணன் இன்னும் போகவில்லை. இப்போது கிழக்குப் பக்கத்து வயல்களுக்கு ட்ரோனில் மருந்து அடித்துக் கொடுக்கிறார். அதற்கும் தனி உரிமம் உண்டு, எத்தனை நிமிடம் என்று அதற்கும் எழுத வேண்டும். வரப்பிலேயே குந்தவைத்து உட்கார்ந்து எழுதிவிட்டுத்தான் எழுவார். அந்த மணி எதுவும் இந்த மணியோடு சேராது. விளம்பரங்கள் இன்னும் வருகின்றன. நான் வாசிக்கிறேன். அவருக்கு அனுப்புவதா வேண்டாமா என்று தெரியாமல் கைபேசியில் சேமித்து வைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம் நான் அப்பா வீட்டில் இருந்தபோது சாந்தன்பாறைக்காரர் வந்தார். மலையிலிருந்து மறையூர் இறங்கி, உடுமலைப்பேட்டை வழியாகத் தானே காரை ஓட்டி வந்திருந்தார். மறையூர் வெல்லம் ஒரு பையில், ஏலக்காய் ஒரு பையில். அவருக்கு ஒரு விமான நிறுவனத்தில் வேலை கிடைத்து மூன்று வருடமாகிறது. ஆயிரம் மணிக்கு மேல் பறந்துவிட்டாராம். அண்ணன் வயலுக்குப் போயிருந்தார், அப்பா சந்தைக்கு. அது தெரிந்தே வந்தாரோ என்னவோ. காபியைக் குடிக்காமல் டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார்.

"தங்கச்சி, அவன் எம் பேரச் சொல்லலைன்னு எனக்கு ஆறு மாசம் கழிச்சுத்தான் தெரியும். போன் பண்ணுனா, நீ பேசாம இருடாங்கான். அவன் பேருல நான் பறந்தேன். எம் பேருல அவன் பறந்தான். ரெண்டும் ஒரே தப்புதான? அவன் மட்டும் காட்டுல கெடக்கான்."

டம்ளரை என்னிடம் நீட்டினார், வாங்கிக் கீழே வைத்தேன்.

"நானும் எழுதிக் குடுத்துரவா? நீ சொல்லு. அவன் உங்கிட்டக் கேட்டுத்தான் எதையும் செய்வான்னு சொல்லியிருக்கான். எம் பொண்டாட்டிக்கு அடுத்த மாசம் பிரசவம். வேல போனா போகட்டும்னு மலையில இருந்து எறங்கையில நெனச்சேன். இங்க வந்து ஒக்காந்தா அந்தத் தைரியம் போயிருச்சு."

எழுதுங்கள் என்றால் பிறக்கப்போகும் குழந்தையின் வீட்டில் அடுப்பை அணைத்தவள் ஆவேன். எழுதாதீர்கள் என்றால் என் அண்ணனை மட்டும் தனியாக நிறுத்தியவள் ஆவேன். பேசாமல் இருப்பதும் ஒரு பதில்தான் என்று விண்ணப்பத்தன்று அந்த ஆறு மணிக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும், "சாப்டுட்டுப் போங்ணா, பருப்பு வெந்துருச்சு" என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். மோர் வேண்டாம் என்றார். கிளம்பும்போது என் மகளின் தலையில் கை வைத்தார்.

கார் போய்க் கொஞ்ச நேரத்தில் அண்ணன் வந்தார். மருந்து வாடை அடித்தது. வாசலில் டயர் தடத்தைப் பார்த்திருப்பார் போல.

"அவன் வந்தானா?"

"ஆமாங்ணா. சும்மா இந்தப் பக்கம் வந்தாராமா. வெல்லம் குடுத்துட்டுப் போனாரு."

"ஏதாச்சும் கேட்டானா?"

"ஒண்ணும் கேக்கலீங்."

அண்ணன் குழாயடியில் கால் கழுவினார். வெகுநேரம் கழுவினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். "கேட்டான்னா, எழுத வேண்டாம்னு சொல்லியிரு கண்ணு. ஒருத்தன் பறந்தாப் போதும்."

அப்போது அந்தக் கார் பொள்ளாச்சியைத் தாண்டியிருக்காது. கைபேசி என் கையில்தான் இருந்தது. அது நடந்து பதினோரு நாளாகிறது. சாந்தன்பாறைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டாரா இல்லையா என்று தெரியாது. அண்ணன் சொன்னதை அவரிடம் சொல்வது அண்ணனுக்குச் செய்கிற நன்மையா, துரோகமா என்றும் தெரியாது. அவருடைய எண்ணைத் தினமும் எடுத்துப் பார்க்கிறேன். இன்னும் அழைக்கவில்லை.