நாங்கள் வைக்காத காய்

பேய் பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போகிற ஆள் நான். இத்தனை வருடமாக ஸ்கந்தபுரத்தில் வயல் செய்கிறேன், விடியப்புறம் தனியே தண்ணீர் கட்டப் போகிறேன், ஒன்றையும் கண்டதில்லை. ஆகவே நீங்கள் இதை நம்பாவிட்டாலும் கோபிக்க மாட்டேன், அந்த மூன்று கிழமையும் பட்ட கோபமே எனக்குப் போதும்.

விஷயம் ஒரு விளையாட்டு. ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ மாறி, தாயக்கட்டை உருட்டி, ஒரு கதைக்குள் நடந்து போகிற விளையாட்டு. மேசையைச் சுற்றி இருந்து ஆட வேண்டியது, ஆனால் தம்பி கண்ணன் கனடாவில், என்னோடு படித்த யூட் முல்லைத்தீவில், மேசைக்கு எங்கே போவது? அதற்கென்றே ஒரு மென்பொருள் இருக்கிறது. மூன்று பேருடைய திரையிலும் கட்டம் போட்ட ஒரே வரைபடம், ஆளுக்கொரு காய். காய் நடந்த இடம் மட்டும் வெளிக்கும், மிச்சமெல்லாம் கறுப்பாக மூடியிருக்கும். கதையை நடத்துகிறவன் நான். ஞாயிறு பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்குவோம், கண்ணனுக்கு அது காலை.

அறுவடை நேரம், புதுப் படம் கீற எனக்கு நேரமில்லை. அலுமாரியில் அம்மா கீறிய படம் ஒன்று கிடந்தது, அதைப் போனில் படம் பிடித்து ஏற்றிவிட்டேன். அது காணி அளக்கிற அரசாங்கக் கந்தோருக்காகக் கீறியது. சண்டைக்குப் பிறகு திரும்பி வந்தால் எங்கள் பழைய காணியில் வீடும் இல்லை, கிணறும் தூர்ந்து பற்றை மூடிக் கிடந்தது, காணி உறுதிப் பத்திரமும் எப்போதோ தொலைந்துவிட்டது. பக்கத்துக் காணிக்காரர் உள்ளே தள்ளி வேலி போட்டுவிட்டார். கந்தோர் ஐயா ஒரே வார்த்தைதான் சொன்னார், மாதக் கடைசி வியாழன் வருவேன், கிணற்றைக் காட்டுங்கள், அதிலிருந்து அளப்பேன், இல்லாவிட்டால் வேலி போட்டபடி இருக்கட்டும் என்று. அம்மாவின் படத்தில் கிணறு இருந்த இடத்தை இரண்டு தரம் கிண்டினோம், கையில் கொப்புளம் வந்ததுதான் மிச்சம்.

முதல் ஞாயிறு, படத்தில் நாலாவது காய் ஒன்று நின்றது. சாம்பல் நிறம், பெயரில்லை. நான் அழித்தேன். ஐந்து நிமிடத்தில் திரும்ப நின்றது, பிறகு வீட்டு வாசலில் இருந்து மெதுவாக நடந்தது. நேரே போக இடம் இருக்க, நடுவில் ஓரிடத்தில் பெரிதாக வளைந்து சுற்றிப் போய் ஒரு மூலையில் நின்றது. மென்பொருளில் ஏதோ பிழை என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறும் அதே நடை, அதே வளைவு. நாலு தரம் அழித்தேன், நாலு தரமும் வந்தது.

"கண்ணன், விளையாட்டை விளையாட்டா விளையாடு, சேட்டை விடாத" என்று ஏசினேன்.

"அண்ணை, நான் தொடவே இல்லை. உனக்குப் பிடிக்காட்டி நீயே விளையாடு" என்று அவன் போனை வைத்துவிட்டான்.

யூட் தன் பங்குக்கு, "உங்கட அப்பாதான் நகர்த்துறாரோ தெரியாது மச்சான்" என்றான். அப்பா அந்த நேரம் சாய்மனைக் கதிரையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவனோடெல்லாம் மனிதன் என்ன கதைக்கிறது.

மூன்றாவது ஞாயிறு கண்ணனுக்கு வேலை, அவன் வரவில்லை. யூட் வீட்டில் கரண்ட் இல்லை. நான் மட்டும்தான் உள்ளே. காய் நடக்கத் தொடங்கியது. எனக்கு விசர் வந்து, இணையப் பெட்டியின் வயரையே பிடுங்கினேன். நம்பினால் நம்புங்கள், அது நிற்கவில்லை, வளைவைச் சுற்றி மிச்சத் தூரத்தையும் நடந்து முடித்துத்தான் நின்றது.

அம்மா தேத்தண்ணி கொண்டு வந்தா. திரையைப் பார்த்தவா கோப்பையை வைக்க மறந்து நின்றா.

"ஆர் தம்பி உது, கிணத்தடிக்குப் போறது?"

"கிணறு இஞ்சால அல்லோ அம்மா, நீங்கள்தானே கீறினீங்கள்."

அம்மா கோப்பையை வைத்துவிட்டுத் திரையில் விரலை வைத்தா. "நான் மாறிக் கீறிப்போட்டன். முந்தி றோட்டு முன்னால இருந்தது, அதில நிண்டு பாக்கக் கிணறு வலக்கைப் பக்கம். இப்ப றோட்டைப் பின்னால போட்டிட்டினம். நான் புது றோட்டை வைச்சு வீட்டைக் கீறிப்போட்டு, கிணத்தைப் பழைய நினைவில வலப்பக்கம் வைச்சிட்டன்."

கட்டங்களை எண்ணி, படத்திலும் இருந்த, காணியில் இன்னும் நிற்கிற பாலை மரத்தில் இருந்து அளந்து, செவ்வாய்க்கிழமை வெட்டினோம். நாலு அடியில் கிணற்றுக் கட்டு தட்டுப்பட்டது. அம்மா அதில் குந்தி இருந்து அழுதா. வியாழன் ஐயா வந்து அளந்தார், வேலி பின்னுக்குப் போனது. அடுத்த ஞாயிறு அந்தக் காயைக் காணவில்லை, பிறகும் வரவேயில்லை. கண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன், அவன் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறான்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் இதைச் சொல்லியே இருக்க மாட்டேன். கிணற்றைக் கிண்டி இறைத்தோம், வீடு கட்டத் தொடங்கினோம். காய் நடந்த பாதை மட்டும் கறுப்புக்கு நடுவில் இன்னும் வெளித்துக் கிடக்கிறது, அந்த வளைவோடு. வளைவுக்குள் வருகிற இடம் புது வீட்டில் அடுப்பு வைக்கிற குசினி மூலை. அங்கே முன்பு என்ன இருந்தது என்று அம்மாவைக் கேட்டேன்.

"ஒண்டுமில்லை, வெறும் நிலம். நாங்கள் நேரதான் தண்ணிக்குப் போறனாங்கள்" என்றா.

போன கிழமை, மேசன் சீமெந்து குழைக்கக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கு இந்த விளையாட்டும் தெரியாது, காயும் தெரியாது. வெட்டையான நிலம், நேரே வரலாம். மனிதர் இரண்டு கையிலும் வாளியோடு, அந்த இடத்தில் வளைந்து சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏன் அண்ணை சுத்தி வாறியள்?" என்று கேட்டேன்.

அவர் நின்று, திரும்பித் தன் கால்தடத்தைப் பார்த்தார். "தெரியேல்லை தம்பி" என்றார்.

மற்ற மூன்று மூலைக்கும் அத்திவாரம் வெட்டியாயிற்று. அந்த மூலைக்குக் கட்டிய நூல் அப்படியே நிற்கிறது, மண்வெட்டியை முதலில் போட அவரும் வருகிறார் இல்லை, நானும் போகிறேன் இல்லை.